மிலிட்டரி ஏல வண்டி: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் பழைய மகிந்திரா சிஜே 3பி ஜீப் ஒன்று இருக்கிறது. படையில் ஓடி, கழித்துவிடப்பட்டு, ஏலத்தில் வெளியே வந்து, மூன்று கை மாறி என்னிடம் சேர்ந்தது. ராயக்கோட்டை ரோட்டில் டீ குடிக்க நிறுத்தினால் போதும், யாராவது பக்கத்தில் வந்து பானட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். "அண்ணே, மிலிட்டரி வண்டியா? எங்க கிடைக்கும்? எவ்வளவு ஆகும்?" பத்து வருடமாகப் பதில் சொல்லி டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓடுகிற வண்டியை ராணுவம் ஏன் விற்கிறது?

இரண்டு காரணம். முதலாவது, வண்டியின் ஆயுள். இத்தனை வருடம், இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. அது முடிந்ததும் படையின் மெக்கானிக் பிரிவு சோதித்துப் பார்க்கும். பழுது பார்க்கும் செலவு வண்டியின் மதிப்பை மிஞ்சினால் கழித்துவிடுவார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் இதற்குப் பெயர் 'கண்டம்'. கண்டம் ஆன வண்டி என்றால் ஓடாத வண்டி என்று அர்த்தமில்லை. சில வண்டிகளுக்கு பேட்டரி மாற்றினால் போதும், கிளம்பிவிடும். சிலவற்றில் எஞ்சினே இருக்காது.

இரண்டாவது காரணம், மாடல் மாற்றம். ஜோங்கா ஜீப் போய் மாருதி ஜிப்சி வந்தது. ஜிப்சிக்கு மாற்றாக 2017-ல் 3,192 டாடா சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஆர்டர் போனது. 2023-ல் 1,850 ஸ்கார்ப்பியோ. ஒரு மாடலை நிறுத்தினால் அதற்கான உதிரிப் பாகக் கிடங்கையும் மூடிவிடுவார்கள். அப்புறம் நன்றாக ஓடுகிற வண்டியும் அவர்களுக்குச் சுமைதான். சேகரிப்பாளர்கள் தேடுவது இந்த இரண்டாவது வகையை.

எந்தெந்த வண்டிகளை ஆட்கள் தேடுகிறார்கள்?

முதலில் ஜோங்கா. நிசான் பேட்ரோல் வண்டியை உரிமம் வாங்கி ஜபல்பூரில் கட்டினார்கள். பெயரிலேயே ஜபல்பூர் இருக்கிறது: ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்பிளி என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஜோங்கா. ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். மேட்டில் ஏறும்போது அதன் சத்தத்தைக் கேட்டவன் அப்புறம் வேறு வண்டி கேட்க மாட்டான். பெட்ரோல் பங்கில் பில்லைப் பார்த்தவன் அந்த வண்டியையே கேட்க மாட்டான். 1999-ல் உற்பத்தி நின்றது.

அடுத்து சக்திமான் லாரி. ஜெர்மனியின் மேன் நிறுவன வடிவம், 1950களின் இறுதியில் ஜபல்பூரில் தொடங்கி 1996 வரை கட்டினார்கள். அந்த இடத்துக்கு வந்தது அசோக் லேலண்டின் ஸ்டாலியன். ஓசூரில் லேலண்ட் தொழிற்சாலைப் பக்கம் வளர்ந்த பையன்கள் சக்திமானை விட ஸ்டாலியன் மேல்தான் பாசம் வைத்திருக்கிறார்கள். அது ஊர்ப்பாசம், நான் குறுக்கே வரவில்லை.

மகிந்திரா ஜீப்புகளுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. அதிலும் 106 மில்லிமீட்டர் பீரங்கி பூட்டிய சிஜே 3பி என்றால் விலை பேசும் குரலே மாறிவிடும். 1965 செப்டம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், பஞ்சாபின் அசல் உத்தர் கிராமத்தில் ராணுவ வீரர் அப்துல் ஹமீது இப்படிப்பட்ட பீரங்கி ஜீப்பில் இருந்துதான் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை அடித்தார், அங்கேயே உயிரையும் விட்டார். பரம்வீர் சக்கரம் வாங்கியவர். அவ்வகை ஜீப்புகளில் குழாய் முன்பக்கம் நீட்டிக்கொள்ள முன்கண்ணாடி நடுவில் பிளந்திருக்கும். அந்தக் கண்ணாடிச் சட்டத்தை மட்டும் புதிதாகச் செய்து மாட்டிவிட்டு "பீரங்கி ஜீப்" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

மாருதி ஜிப்சி இப்போதுதான் சேகரிப்புப் பொருளாகிக்கொண்டிருக்கிறது. 1985-ல் வந்தது, 1991-லிருந்து படைக்குப் போனது. பொதுமக்களுக்கான விற்பனை நின்ற பிறகுதான் அதன் அருமை எல்லாருக்கும் தெரிந்தது. மிலிட்டரி புல்லட், அம்பாசடர் ஸ்டாஃப் கார் இவற்றையும் கேட்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் ஜீப் என்று சொல்கிறார்களே, அதெல்லாம் இங்கே எப்படி வந்தது?

போர் நடந்தபோது அசாம், பர்மா எல்லையில் ஜப்பானியரை எதிர்த்து அமெரிக்கப் படை பெருமளவில் இருந்தது. லெடோ சாலை போட்டவர்களும் அவர்கள்தான். போர் முடிந்ததும் ஜீப், லாரி, புல்டோசர் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. 1946-ல் இரு அரசுகளும் கணக்குத் தீர்த்துக்கொண்டபோது மிச்சச் சரக்கு இந்திய அரசின் கைக்கு வந்தது. அதை விற்பதற்கென்றே ஒரு துறை இருந்தது. பின்னாளில் கொள்முதலும் விற்பனையும் சேர்ந்த தலைமை இயக்குநரகமாக நீடித்து, 2017 அக்டோபர் 31-ல் மூடப்பட்டது.

அந்தச் சரக்குதான் நம் ஊர் லாரித் தொழிலுக்கு விதை போட்டது என்று சொன்னால் மிகையில்லை. கனடாவில் நாலு லட்சத்துக்கு மேல் கட்டிய ஃபோர்டு, செவர்லே ராணுவ லாரிகளில் ஒரு பங்கு இந்தியாவில் தங்கி, மேலே மரப்பெட்டி கட்டி லாரியானது, பஸ்ஸானது. என் சின்ன வயதில் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் தூக்குவதற்கு ஒரு பழைய மிலிட்டரி லாரி வரும். பின்னால் இரும்புக் கொம்பு, சங்கிலி, கொக்கி. ஓட்டுபவருக்கே அதன் வயது தெரியாது. "எங்கப்பா ஓட்டினாரு" என்பார்.

வில்லிஸ் ஜீப் கதை தனி. அமெரிக்காவில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் கட்டிய வண்டி அது. இங்கே தங்கியவை எஸ்டேட், வனத்துறை, தேர்தல் வேலை, மாங்காய் லோடு என்று எல்லா வேலையும் பார்த்தன. காவேரிப்பட்டணத்துப் பக்கம் என் மாமா ஒருவர் ஜீப்பின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு மாங்காய்க் கூடை ஏற்றுவார். அது 1944-ம் வருட வண்டி என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தாலும் கூடையைத்தான் ஏற்றியிருப்பார்.

ஏலம் எங்கே, எப்படி நடக்கிறது?

ஒரு காலத்தில் டிப்போ வாசலில் நேரில் நின்று கத்தி ஏலம் எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் கணினி வழி. மத்திய அரசின் எஃகு அமைச்சகத்தின் கீழ் 1964-ல் தொடங்கிய எம்எஸ்டிசி நிறுவனம்தான் பல அரசுத் துறைகளுக்கு இந்த ஏலத்தை நடத்திக்கொடுக்கிறது. தலைமையகம் கொல்கத்தாவில். நமக்குக் கிட்டத்தில் என்றால் பெங்களூரு, சென்னை அலுவலகங்கள்.

முதலில் வாங்குபவராகப் பதிவு செய்யவேண்டும். பிறகு எந்த யூனிட், எந்த டிப்போ, எத்தனை வண்டி என்று பட்டியல் வரும். பார்வையிடும் நாள் குறிப்பிட்டிருப்பார்கள். அந்த நாளில் போய்ப் பார்க்காமல் ஏலம் கேட்பவனை நான் சூதாடி என்றுதான் சொல்வேன். முன்பணம் கட்டிவிட்டு, குறித்த நேரத்தில் கணினியில் விலை கேட்கவேண்டும். அதிக விலை சொன்னதும் வண்டி உங்களுடையது என்று துள்ளாதீர்கள். 'ஒப்புதலுக்கு உட்பட்டது' என்று பல லாட்டுகளில் (ஒன்றாகச் சேர்த்து ஏலம் விடும் தொகுப்புகளில்) போட்டிருக்கும். மேலிடம் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஏலம் ரத்து. வரி எல்லாம் தனி. இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குள் தூக்காவிட்டால் வாடகை ஓடும்.

நம்மைப் போன்ற தனி ஆளுக்கு உண்மையான சிக்கல் இது எதுவுமில்லை. வண்டியை ஒவ்வொன்றாக விற்க மாட்டார்கள் என்பதுதான் சிக்கல். ஒரு லாட்டில் இருபது வண்டி, கூடவே நாலு டன் பழைய டயர் என்று கட்டியிருப்பார்கள். எனக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு ஜோங்கா. ஆகவே எடுப்பது காயலான்கடைப் பெருவியாபாரிதான். டெல்லி மாயாபுரிக்காரர்களும், மேற்கு வங்கத்துப் பானாகர் வியாபாரிகளும், ஹரியானாவின் மண்டி டப்வாலி ஜீப் பட்டறைகளும் இப்படி வளர்ந்தவைதான். அவர்களிடமிருந்துதான் நமக்கு வரும், இரண்டாம் விலையில்.

ஏலத்தில் எடுத்த வண்டியை ரோட்டில் ஓட்டலாமா?

காகிதம் இருந்தால் ஓட்டலாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

படையில் இருக்கும்வரை அந்த வண்டிக்கு நம்மூர் ஆர்டிஓ பதிவு கிடையாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-வது பிரிவின்படி படையே பதிவு செய்துகொள்ளும். படையை விட்டு வெளியே வந்த பிறகு எல்லாரையும் போல 39, 40-வது பிரிவுகளின்படி பதிவு செய்யவேண்டும். அதற்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47-வது விதி ஒரு ஆவணத்தைக் குறிப்பாகக் கேட்கிறது: முன்னாள் ராணுவ வண்டி என்றால், உரிய ராணுவ அதிகாரி படிவம் 21-ல் கொடுத்த அசல் விற்பனைச் சான்று. ஜெராக்ஸ் செல்லாது. அதில் எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் இருக்கவேண்டும், அவை வண்டியில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தவேண்டும்.

இருபது வண்டியை ஒரே லாட்டாக எடுத்த வியாபாரி அந்தச் சான்றை வண்டிவாரியாக வாங்கி வைத்தாரா? பெரும்பாலும் இல்லை. அவருக்கு வண்டி என்பது எடைபோடும் இரும்பு.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இப்போதிருக்கும் ஜீப்புக்கு முன்னால் இன்னொன்று வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். ஆர்சி புத்தகம் இருந்தது, எல்லாம் சுத்தமாகத் தெரிந்தது. பெயர் மாற்றப் போனபோது சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுத்தார்கள். தாளில் நம்பர் விழுந்தது, கூடவே அதைச் சுற்றி வெல்டிங் வைத்த விளிம்பும் விழுந்தது. எங்கோ செத்த ஜீப்பின் நம்பர்த் தகட்டை வெட்டி, காகிதமில்லாத ஏல ஜீப்பில் ஒட்டியிருக்கிறார்கள். வாங்கிய பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற நாட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து யார் ஜீப் பார்க்கக் கூப்பிட்டாலும் முதலில் குனிந்து சேசிஸைத்தான் தடவுகிறேன். எஞ்சின் சத்தம் எல்லாம் பிறகு.

2021, 2023 புதிய விதிகளால் என்ன மாறியது? ஏலமே நின்றுவிட்டது என்கிறார்களே?

நிற்கவில்லை. ஆனால் வண்டி போகும் வழி மாறிவிட்டது.

2021 செப்டம்பரில் பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையங்களுக்கான விதிகள் வந்தன. 2023 ஜனவரியில் இன்னொரு அறிவிப்பு: மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சிகள், போக்குவரத்துக் கழகங்கள், பொதுத்துறை நிறுவனங்களின் 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு புதுப்பிக்கப்படாது. அவற்றைப் பதிவுபெற்ற நிலையத்தில்தான் உடைக்கவேண்டும். நாட்டின் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் களத்தில் பயன்படும் கவச வண்டிகள், சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு.

இந்த விலக்கைத் தப்பாகப் புரிந்துகொண்டு "மிலிட்டரி வண்டிக்கு இது பொருந்தாது" என்று சொல்பவர்கள் நிறைய. விலக்கு, பயன்பாட்டில் இருக்கும்வரை. கழித்துவிட்ட சாதாரண ஜிப்சிக்கும் லாரிக்கும் அது கவசமல்ல. அரசு வண்டியை ஏலம் போட்டாலும் இப்போது பல ஏலங்களில் உடைப்பு நிலையங்கள் மட்டுமே விலை கேட்கலாம் என்று நிபந்தனை இருக்கிறது. பட்டியலைப் பார்க்கும்போது முதலில் அந்த வரியைத் தேடுங்கள். இருந்தால் மேற்கொண்டு படிக்கவேண்டாம்.

உடைப்பு நிலையத்துக்குள் போன வண்டி வண்டியாகத் திரும்பாது. சேசிஸ் நம்பர் இருக்கும் துண்டை வெட்டித் தனியாக வைக்கவேண்டும் என்பது விதி. மறுபடி பயன்படும் பாகங்களை விற்கலாம். ஆகவே கியர்பாக்ஸ் கிடைக்கும், அச்சு கிடைக்கும், கதவு கிடைக்கும். அவற்றையெல்லாம் சேர்த்து ஒரு வண்டியாக்கும் அந்த நம்பர் மட்டும் கிடைக்காது. முன்பு பஞ்சமில்லாமல் கிடைத்த இரும்பு இப்போதும் கிடைக்கிறது. பஞ்சம் காகிதத்துக்குத்தான்.

அரசு செய்தது தப்பா? முழுக்க அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. நம்பர் ஒட்டும் திருட்டை நானே அனுபவித்தவன். காகிதமில்லாத ஏல ஜீப்புகள் மலைப்பாதையில் முப்பது பேரை ஏற்றிக்கொண்டு பிரேக் இல்லாமல் இறங்கியதையும் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டையை அடைக்கத்தான் வேண்டும். ஆனால் 1970-ன் ஜோங்காவையும் 2007-ன் ஜிப்சியையும் ஒரே தராசில் எடை போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு மாடலில் பத்து வண்டியையாவது ஒதுக்கி, அருங்காட்சியகத்துக்கோ, பதிவுபெற்ற சேகரிப்பாளருக்கோ, மறுவிற்பனை கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தால் யாருக்கு நஷ்டம்?

அமெரிக்காவில் எம்151 என்ற ஜீப் வகை வளைவில் கவிழும் என்று பேர் வாங்கியது. அதனால் படை அதை முழுசாக விற்க மறுத்து, துண்டாக வெட்டித்தான் வெளியே விட்டது. விளைவு, வெட்டுப்படாமல் தப்பிய சில வண்டிகளைச் சேகரிப்பாளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். வெட்டுப்பட்டதை ஒட்டவைத்து ஓட்டுபவர்களும் உண்டு. அதே நாடு 2014-லிருந்து ஹம்வீ வண்டிகளை இணைய ஏலத்தில் பொதுமக்களுக்கு விற்றது. ஒரே நாட்டில் இரண்டு கதை.

அப்படியானால் விலை ஏறிவிட்டதா?

ஏற்கெனவே ஒழுங்காகப் பதிவான வண்டிகளுக்கு ஏறிவிட்டது, ஏறிக்கொண்டும் இருக்கிறது. பதிவான பழைய வண்டிகளைத் தேடி பெங்களூரிலிருந்து ஓசூர் வரை வார இறுதியில் வருகிறார்கள். டிஎன் 24, டிஎன் 29, டிஎன் 70 என்று நம் பக்கத்துப் பதிவு போட்ட பழைய ஜீப்புகளை அங்கே கொண்டுபோய்விடுகிறார்கள். பாலக்கோட்டில் தக்காளி லோடு அடித்த ஜீப், வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. வருத்தம்தான், ஆனால் மழையில் துருப்பிடிக்காமல் நிற்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

காகிதமில்லாத வண்டி, உதிரிப் பாகம் ஆகியவற்றின் விலை அந்த அளவுக்கு ஏறவில்லை. சும்மா தோட்டத்தில் நிறுத்தி அழகு பார்க்க வேண்டும் என்பவருக்கு அது போதும். ரோட்டில் ஓட்டாதீர்கள், அவ்வளவுதான்.

வைத்திருக்கும் செலவும் கூடிவிட்டது. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025-ல், 20 வருடம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள்.

ஒரிஜினல் வில்லிஸா, ஒட்டுப்போட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

முன் கிரில்லில் துளைகளை எண்ணுங்கள். போர்க்கால ஜீப்பில் தகட்டில் அடித்த ஒன்பது துளை. பின்னால் வந்த சிவிலியன் ஜீப்புகளில் ஏழு. (முதல் இருபத்தைந்தாயிரம் வில்லிஸ் வண்டிகளில் பட்டைக் கம்பிகளால் செய்த கிரில் இருந்தது, அது கையில் கிடைத்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள்.) போர்க்கால ஜீப்பில் பின்பக்கம் இறக்கும் கதவு கிடையாது. முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருளைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த தொட்டி வடிவில் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு வண்டியில் போல்ட் தலையில்கூட 'எஃப்' என்று அச்சடித்திருப்பார்கள். பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகத் துடைத்து எஃப் தேடும் சுகம் அனுபவித்தால்தான் தெரியும், வீட்டில் யாருக்கும் புரியாது.

நம் நாட்டில் கிடைக்கும் 'வில்லிஸ்' பலவும் ஃபோர்டு சேசிஸ், மகிந்திரா உடல், எங்கிருந்தோ வந்த கியர்பாக்ஸ் என்ற கலவைதான். அதை மோசம் என்று சொல்ல மாட்டேன். எண்பது வருடம் உழைத்த வண்டி அப்படித்தான் இருக்கும். ஒரிஜினல் விலை கேட்டால்தான் கோபம் வரும்.

மிலிட்டரி பச்சை அடிக்கலாமா?

கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121: பாதுகாப்புத் துறையைத் தவிர வேறு யார் வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது. "அது பிறந்ததே அந்த நிறத்தில்தானே சார்" என்று வாதாடிப் பார்த்தேன், செல்லவில்லை. என் ஜீப் இப்போது மண் நிறம். அதேபோல் மேல்நோக்கிய அம்புக்குறி, வருடம், எழுத்து, ஆறு இலக்கம் என்று படையின் நம்பர் பலகையை ஆசைக்காக மாட்டாதீர்கள். அது வேடிக்கையில் முடியாது.

டீசல் எஞ்சின் மாற்றிக்கொள்ளலாமா?

நம் பக்கத்து ஜீப்புகளில் பாதிக்கு மேல் இந்த அறுவைச் சிகிச்சை நடந்தவை. பெட்ரோல் எஞ்சினை எடுத்து எடைக்குப் போட்டுவிட்டு பியூஜோ டீசலையோ, மகிந்திரா டிஐ எஞ்சினையோ இறக்கினார்கள். மலைக்கு ஆள் ஏற்ற அன்றைக்கு அதுதான் கட்டுப்படியானது. இப்போது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதற்குக் கடிவாளம் போடுகிறது. தயாரித்தவர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொன்னது. எஞ்சின் மாற்றத்துக்கு முன் அனுமதி வேண்டும், ஆர்சியில் ஏறவேண்டும். பழைய மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சேகரிப்பாளனாக என் கருத்து வேறு: அந்த எடைக்குப் போட்ட பெட்ரோல் எஞ்சின்களைத்தான் இன்று காசு கொடுத்துத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

வின்டேஜ் பதிவு வாங்கினால் இந்தத் தலைவலி தீருமா?

பாதி தீரும். 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய, அசல் வடிவில் உள்ள இருசக்கர வண்டிகளுக்கும் நான்கு சக்கரப் பயணிகள் வண்டிகளுக்கும் தனிப் பதிவு உண்டு. டிஎன் என்ற மாநில எழுத்துக்குப் பிறகு விஏ என்று வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருடம் செல்லும். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, எரிபொருள் போடுவது, பராமரிப்பு இவற்றுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. லாரி இந்த விதிக்குள் வராது. சக்திமான் வைத்திருப்பவருக்கு இதில் ஒன்றுமில்லை. அடுத்து, 50 வருடத்தை முதல் விற்பனைக்குப் பிந்தைய முதல் பதிவிலிருந்து எண்ணுகிறார்கள். 1968-ல் படையில் சேர்ந்து 1985-ல் ஏலத்தில் வெளியே வந்த ஜீப்புக்கு எந்த வருடம் கணக்கு என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படைக்கு முதலில் போன ஜிப்சிகளைப் படையில் சேர்ந்த வருடத்திலிருந்து எண்ணினாலும் 2041-க்கு முன்னால் இந்தப் பதிவு கிடைக்காது.

முன்னாள் ராணுவத்தினருக்கு ஏதாவது சலுகை?

நம் இரண்டு மாவட்டத்திலும் படையிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதை அடிக்கடி கேட்கிறார்கள். படை கழித்துவிடும் வண்டிகளில் 'ஐந்து பி' வகுப்பைச் சேர்ந்தவற்றை முன்னாள் படைவீரர்களுக்கும், பணியில் இறந்தவர்களின் மனைவியருக்கும் ஒதுக்கும் திட்டம் மறுவேலைவாய்ப்புத் தலைமை இயக்குநரகத்தில் உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள், இப்போதைய நிலவரம் சொல்வார்கள். அது பிழைப்புக்கான திட்டம். "உங்க பேர்ல எடுத்துக் கொடுங்க தாத்தா" என்று சேகரிப்பாளர்கள் பெரியவர்களை நச்சரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

டாங்கி வாங்க முடியுமா?

முடியாது. கல்லூரி வாசலிலும் ரவுண்டானாவிலும் நிற்கிறதே என்றால், அவை நிறுவனங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் படை ஒதுக்கிக் கொடுத்தவை, சுட முடியாதபடி செய்யப்பட்டவை. ஆவடியில் 1960களில் கட்டத் தொடங்கிய விஜயந்தா டாங்கிகள் பல ஊர்களில் அப்படி நிற்கின்றன.

உதிரிப் பாகம் எங்கே தேடுவது?

பெங்களூரு சிவாஜிநகர் குஜிரி (பழைய சாமான் சந்தை), ஜேசி ரோடு, சென்னை புதுப்பேட்டை. ஜோங்காவுக்கு இங்கெல்லாம் கிடைக்காவிட்டால் வடக்கே ஆள் பிடிக்கவேண்டும். கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்வதுதான் வழி. ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு லேத்துப் பட்டறைகளில் ஒரு புஷ்ஷைக் காட்டினால் மாலைக்குள் அதைவிட நல்லதாகக் கடைந்து கொடுப்பார்கள். இந்த விஷயத்தில் நம் மாவட்டக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

தொப்பூரில் இறக்கினீர்களா?

ஒரு தடவை. நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக், பின்னால் கிரானைட் லாரி. இரண்டாவது கியரை விட்டு எடுக்கவே இல்லை. இப்போது சேலம் போவதென்றால் பஸ்தான்.

உங்கள் ஜீப்பை விற்பீர்களா?

இல்லை. ஜோங்கா பின் அச்சு ஒன்று மிச்சம் கிடக்கிறது, அது வேண்டுமென்றால் பேசலாம். தூக்க நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், என் முதுகு இப்போது ஒத்துழைப்பதில்லை.